கடம்பங்குளத்தின் மேல் தூக்கிய கால்

இதைக் கேட்பவர் முன்னதாக மூன்று செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; இருத்திக்கொண்டால், பின்னால் நிகழ்வனவற்றில் திகைப்பதற்கு ஒன்றும் இராது.

முதற்செய்தி, ஜப்பான் நாட்டுப் படங்களைப் பற்றியது. அந்நாட்டில் நெடுங்காலமாக ஒரு வகைப் படமும் தொலைக்காட்சித் தொடரும் எடுத்துவருகிறார்கள்: ரப்பர் உடைக்குள் ஓர் ஆள் புகுந்துகொண்டு மலைபோன்ற விலங்காக வருவான், அவன் முழங்கால் உயரத்துக்கு அட்டையாலும் சுண்ணாம்பாலும் ஓர் ஊரைக் கட்டிவைத்திருப்பார்கள், அவன் அதை மிதித்துத் துவைக்கும்போது, அதுவரை சாதாரண மனிதனாக இருந்த ஒருவன் ஓடிவந்து, கைகளை ஒரு முறைப்படி அசைத்து, ஒரு சொல்லைக் கூவி, விலங்கின் உயரத்துக்கு வீரனாக வளர்ந்து, அதை அடித்து வீழ்த்துவான். அவன் கையசைத்து உருமாறி முடிக்கும்வரை, எவ்வளவு கொடிய விலங்கும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், ஓங்கிய கையை ஓங்கியபடியும் தூக்கிய காலைத் தூக்கியபடியும் வைத்துக்கொண்டு காத்து நிற்கும். இந்த மரியாதையை விதித்தவர் யார் என்பது தெரியாது. மீறிய விலங்கு ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது செய்தி, கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல்காட்டு நடுவில் உள்ள கடம்பங்குளத்தில், கேபிள் நடத்திவந்த சண்முகக்கனி என்பவள், இப்படிப்பட்ட தொடர் ஒன்றின் தமிழ்ப் பேச்சு வடிவத்தைத் தன் உள்ளூர்ச் சேனலில் மாலைதோறும் ஒளிபரப்பிவந்தாள் என்பது. வீரனுக்குத் தமிழில் மின்னல் மாறன் என்று பெயர். விலங்குக்குக் கொம்பன் என்று பெயர். தொடர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவாள். ஊரும் மறுபடி முதலிலிருந்து பார்க்கும். ஆகவே, வலக்கையை நெற்றிக்கு நேரே உயர்த்தி, இடக்கையை இடுப்பில் ஊன்றி, வலக்கையால் காற்றில் மெல்ல ஒரு வட்டம் வரைந்து, வட்டம் மூடியதும் ‘உருவெடு!’ என்று கூவ வேண்டும் என்பது, அவ்வூரில் பால் மறந்த குழந்தை முதல் பல் இழந்த கிழவர் வரை யாவருக்கும் தெரியும்.

மூன்றாவது செய்தி எல்லார்க்கும் தெரிந்தது: தலைப்பிரசவம் தாய்வீட்டில்.

பங்குனி மாதத்தில் ஒரு காலைப்பொழுதில், சண்முகக்கனி மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மேற்கே வறண்டு கிடந்த கண்மாய்க்குள்ளிருந்து கொம்பன் எழுந்து நடந்து வந்தது. படத்தில் இருந்த அதே இரண்டு கொம்புகள், அதே கரும்பச்சைத் தோல், முதுகில் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு ஜிப். ரயில்வே கேட் மூடியிருந்ததால், பாசஞ்சர் வண்டி போகும்வரை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மின்கம்பிகள் அறுந்துவிடாதபடி தன் வாலைத் தானே கையில் பிடித்துக்கொண்டது. தெப்பக்குளத் தெருவில் குறுக்கே வந்த ஆடுகளுக்கு ஒதுங்கி வழிவிட்டது. பிறகு, செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வந்தவனைப்போல, சண்முகக்கனி வீட்டின்முன் நிலைகொண்டு, வலக்காலைத் தூக்கி, மாடிக்கு மேல் ஒரு தென்னை உயரத்தில் ஓங்கியது.

அண்ணாந்து பார்த்தவளுக்கு உள்ளங்கால் தெரிந்தது, அதில் குளியலறைச் செருப்பில் இருப்பதுபோன்ற கோடுகளும் தெரிந்தன. வேறெந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அலறிக்கொண்டு படியிறங்கியிருப்பாள். ஆனால் மாலைதோறும் பார்த்த பழக்கம் கையில் ஊறியிருந்ததால், அவள் மிளகாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையை நெற்றிக்கு உயர்த்தி, இடக்கையை இடுப்பில் ஊன்றி, வட்டம் வரையத் தொடங்கினாள். கால் அப்படியே நின்றது.

வட்டம் மூடப்போகும் தறுவாயில்தான், தான் செய்த காரியத்தின் மறுபாதி அவளுக்கு உறைத்தது. மூடியபின் கூவ வேண்டும். கூவினால் வளர வேண்டும். வளராவிட்டால் கால் இறங்கும். எனவே அவள் கூவாமல் அடுத்த வட்டத்தைத் தொடங்கினாள். தொடங்கிக்கொண்டே பக்கத்து மாடியில் துணி உலர்த்திய தையல்காரி மெகருன்னிசாவை அழைத்தாள்.

“மெகரு! ஏ மெகரு! இங்க வா!”

“என்னக்கா, மிளகாயக் காக்கா தூக்கிட்டா?”

“மேல பாரு.”

“அல்லா! இது நம்ம கொம்பன்ல!”

“கையத் தூக்கு. நான் விடுத எடத்துல இருந்து நீ சுத்து. நிறுத்தாத. கூவிராத.”

“உலையில அரிசி கெடக்குக்கா.”

“உலைய அப்பொறம் பாப்போம். இப்ப ஊரே உலையில கெடக்கு.”

இவ்வாறு அந்த வட்டம் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாறியது. அங்கிருந்து எதிர்வீட்டுக்கும், அங்கிருந்து கீழத்தெருவுக்கும் மாறியது. கூவுகிறவர் இல்லாமல் சுற்றுகிறவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்க, அன்று பொழுது சாய்ந்தது, மறுநாள் விடிந்தது, கொம்பனும் தூக்கிய காலோடு நின்றுகொண்டே இருந்தது.

அது ஏன் வந்தது என்ற கேள்வியைக் கடம்பங்குளம் ஒரே ஒரு முறை, அதுவும் முதல்நாள் டீக்கடையில், கேட்டுப் பார்த்து, விடை கிடைக்காததால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அடுத்த கேள்வி, நாளைக்கு எந்தத் தெருவின் முறை என்பது. தெருவாரியாகக் கை சுற்றும் பொறுப்பை, பேரூராட்சித் தலைவர் தவசிமணி ஒலிபெருக்கியில் அறிவித்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளைகள் சுற்றினார்கள், அவர்கள் வட்டம் சிறியதாகவும் வேகமாகவும் இருந்தது. மாலையில் கடைக்காரர்கள் ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறுகையால் பேப்பர் படித்தார்கள். கோயில் பூசாரி சுற்றியபோது பழக்கத்தால் தீபாராதனை காட்டுவதுபோல் ஆகிவிட, இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொம்பன் யாரையும் குறைசொல்லவில்லை. கொட்டாவி வந்தால், தலையை ஊருக்கு வெளியே திருப்பிக்கொண்டு விட்டது.

கரிசல்காட்டில் பங்குனி வெயில் எப்படிப்பட்டது என்பதை அங்கே குடியிருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட வெயிலில், ஊர் நடுவே ஒரு பெரிய நிழல் வந்து விழுந்து, அசையாமலும் கிடந்தால், அதை வேண்டாம் என்று எவர் சொல்வார்? முதலில் மாடுகள் வந்து படுத்தன. பிறகு கரும்புச்சாறு வண்டி வந்தது. வாரச்சந்தை தன் பழைய பொட்டலை விட்டுவிட்டு இங்கே இடம்பெயர்ந்தது. பேருந்து ஓட்டுநர்கள் ‘காலடி’ என்று ஒரு நிறுத்தத்தைத் தாமாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள், இது விலங்கா, கட்டடமா, ஆக்கிரமிப்பா என்று நிழலில் நாற்காலி போட்டு வாதாடி, அந்த இதத்தில் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணயர்ந்து, மாலையில் எழுந்து போனார்கள். சித்திரைத் திருவிழாவில் தேர் அந்த வழியாக வந்தபோது, கலசம் இடிக்காதபடி கொம்பன் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தது. ஊர் அதற்குத் தேங்காய் உடைத்தது. தவசிமணியோ, ‘குளிர்நிழல் தந்த கோமகனே’ என்று தன் படத்தைப் போட்டு ஒரு பதாகை வைத்துக்கொண்டார்.

ஊர் முழுவதும் இவ்வாறு குளிர்ந்திருக்க, அந்தப் பாதத்துக்கு நேர்கீழே சமைத்தவளும் படுத்தவளும் சண்முகக்கனி ஒருத்தியே. அவள் மகள் பொன்ரேகா சாத்தூரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு மகளை அழைத்துவந்து, அவள் பிறந்த அதே வீட்டில் அவளுக்குப் பேறுகாலம் பார்க்க வேண்டும் என்பது சண்முகக்கனியின் எண்ணம். அதைத் தவிர அந்த ஆண்டில் அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. நாள் பேச வந்த சம்பந்தி தங்கபுஷ்பம், வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள், இறங்கியவள் படியேறவில்லை.

“இதுதான் அந்தக் காலா?”

“ஆமா மதினி. மேல பாக்காதீங்க. உள்ள வாங்க, மோரு குடிங்க.”

“மோரு கெடக்கட்டும். பெருவிரல் இடுக்குல காக்கா கூடு கட்டியிருக்கே!”

“போன வாரம் கட்டுச்சு. முட்டை வச்சிருக்கு.”

“காக்காவுக்குத் துணிச்சல் இருக்கும். எனக்கு இல்ல. பிள்ளத்தாச்சிய ஒரு காலுக்கு அடியில அனுப்பிட்டு நான் சாத்தூர்ல கண்ணசருவனா? வம்புக்குச் சொல்லல மதினி. என் எடத்துல இருந்தா நீங்க அனுப்புவீங்களா?”

சண்முகக்கனியால் அனுப்புவேன் என்று சொல்ல இயலவில்லை. பொய் சொல்வதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கேட்டவளின் முகத்தில் இருந்தது அச்சமே தவிர அகம்பாவம் அன்று.

“இது எறங்கட்டும், இல்ல போகட்டும். மறுநிமிசம் பொண்ண அனுப்புதேன். அதுவரைக்கும் அவ எங்க வீட்லயே இருக்கட்டும்” என்று சொல்லி, மோரை நின்றபடியே குடித்துவிட்டுத் தங்கபுஷ்பம் போனாள்.

அன்று மாலை பொன்ரேகா போனில் பேசினாள். “யம்மா, இங்க எல்லாரும் என்னய நல்லாத்தான் பாக்காங்க. அதாம்மா கஷ்டமா இருக்கு. நான் இருமுனா நாலு பேரு ஓடி வாறாங்க. எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும். உன்கிட்டச் சண்ட போடணும்.”

சண்முகக்கனி மறுநாளே பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போய், மேசைமுன் நின்று, இந்தக் கைசுற்றலை முடித்துவிட வேண்டும், யாராவது ஒருவர் கூவிவிட வேண்டும், எவரும் முன்வராவிட்டால் தானே கூவுவதாகச் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தவசிமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யக்கா, காலு உங்க வீட்டு மேல நிக்கலாம். ஆனா நெழலு ஊருக்குப் பொது.”

“அப்ப காலும் பொதுதான தம்பி? ஆளுக்கு ஒரு வாரம் உங்க உங்க வீட்டு மேல வச்சுக்கிடுங்க.”

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். தவசிமணியும் சிரித்தார், சிரித்தபின் குரலைத் தணித்துக்கொண்டார். “பேச்சுக்கு நல்லா இருக்குக்கா. நீங்க கூவி, நீங்க வளரலைன்னா? காலு எறங்கும். உங்க வீட்டோட நிக்குமா? அந்தக் குதிங்கால் ரேசன்கடை வரைக்கும்ல இருக்கு? ஒரு மழை பெய்யட்டும், வெயில் தணியட்டும், பொறவு பேசுவோம்.”

மழை என்பது ஐப்பசியில் பெய்வது; பிள்ளை ஆடியில் பிறப்பது. இந்தக் கணக்கைத் தவசிமணிக்கு எடுத்துச் சொல்வதில் பயன் இல்லை என்று சண்முகக்கனி வீடு திரும்பினாள்.

மறுநாள் விடியற்காலை அவளுடைய முறை. கிழக்கு வெளுக்கும் வேளையில் மாடியின் வடகோடியில் நின்று, கையைச் சுற்றிக்கொண்டே அண்ணாந்தவள், அதுவரை யாரும் காணாத இரண்டைக் கண்டாள். ஒன்று, கொம்பன் ஊன்றியிருந்த இடது முழங்கால் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று, கழுத்து மடிப்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. துளைகளுக்குப் பின்னால் தாம்பாளம் அளவில் இரண்டு மனிதக் கண்கள், தூக்கம் இழந்து சிவந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“யப்பா, காலு வலிக்குதா?” என்றாள் சண்முகக்கனி.

கொம்பன் இப்பக்கமும் அப்பக்கமும் பார்த்தது. வேறு எவரும் விழித்திருக்கவில்லை என்று தெரிந்தபின், செல்போன் கோபுரத்தில் கொம்பு இடிக்காதபடி, மிகவும் மெதுவாகத் தலையை ஆட்டியது.

“இத்தன நாளா ஒருத்தருமா ஒன்ன இதக் கேக்கல?”

கேட்கவில்லை என்பது அந்தக் கண்களில் தெரிந்தது.

“ஊருக்குப் போகணுமா?”

கண்கள் மூடிக்கொண்டன. துளை ஒன்றிலிருந்து ஒரு குடம் நீர் மாடியில் விழுந்து, மோர்மிளகாயை நனைத்தது. அது வியர்வையா கண்ணீரா என்று பிரித்தறிய அவள் முற்படவில்லை.

“நான் கூவுனா மிதிச்சிருவியா?”

இதற்கு மட்டும் கொம்பன் அசையாமல் நின்றது. வாக்குக் கொடுப்பது அதன் கையில் இல்லை என்று சண்முகக்கனி விளங்கிக்கொண்டாள். காலை ஓங்குவது விலங்கின் வேலை, அடிப்பது வீரனின் வேலை, அடிவாங்கி விழுவது மறுபடியும் விலங்கின் வேலை. விழுந்தால்தான் அதற்கு வேலை முடியும், வேலை முடிந்தால்தான் வீடு. தன் மகளைப்போலவே இதுவும், நல்ல மனிதர்கள் பலரால் சூழப்பட்டு, வீட்டுக்குப் போக முடியாமல் நின்றுகொண்டிருக்கிறது.

வளைகாப்புக்கு முந்தின நாள், சந்தை கூடியிருந்த வேளையில், அவள் தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “நான் கூவப்போறேன். கடைய எடுக்கிறவங்க எடுத்துக்கிடுங்க. ரேசன்கடைல உள்ளவங்க வெளிய வாங்க.”

எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. கரும்புச்சாற்றுக்காரர் அவளைக் கும்பிட்டார். தவசிமணி சட்டம் பேசினார். யாரோ ஒருவர், ‘ஒரு பொம்பள வசதிக்காக ஊரே வேகணுமா?’ என்றார். அவள் மாடியேறிப் போனாள். அங்கே கை சுற்றிக்கொண்டிருந்தவள் மெகருன்னிசா.

“நீ எறங்கிப் போ மெகரு.”

“நீங்க வளந்தா அந்தச் சீலை பத்தாதுக்கா. ஒரு தையக்காரி பக்கத்துல வேணும்ல?”

“போடி.”

“போமாட்டேன்.”

சண்முகக்கனி முந்தானையைச் செருகிக்கொண்டு, வட்டத்தை மெகருன்னிசாவின் கையிலிருந்து வாங்கினாள். அண்ணாந்து அந்தத் துளைகளைப் பார்த்தாள். வட்டத்தை, அவசரம் இல்லாமல், முழுவதுமாக மூடினாள். பிறகு, வாழ்நாளில் எவரையும் அவ்வளவு உரக்கக் கூப்பிட்டறியாத குரலால், “உருவெடு!” என்று கூவினாள்.

ஒன்றும் நிகழவில்லை. அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். எப்போதும்போல் மெட்டியோடு தரையில்தான் இருந்தன. மேலே ரப்பர் முறுக்கிக்கொள்ளும் ஓசை கேட்டது, நிழல் கறுத்தது, பாதம் ஒரு சாண் இறங்கியது, இன்னொரு சாண் இறங்கியது.

இந்த இடத்தில் மின்னல் மாறன் என்ன செய்வான் என்பதை நினைத்து, வேறு வழி தெரியாமல், அவள் தன் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னே குறுக்காக வைத்து, ஒளிக்கதிர் பாய்ச்சும் அந்த நிலையில் நின்றாள். ஒளி வரவில்லை. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன, அவ்வளவே.

கொம்பனுக்கு அது போதுமாயிருந்தது. இடி விழுந்ததுபோல் அதன் மார்பு பின்னுக்கு வளைந்தது. கைகள் இரண்டும் ஆகாயத்தைப் பிராண்டின. அத்தனை நாளாக அடக்கி வைத்த உறுமலை எல்லாம் சேர்த்து ஒரே உறுமலாக உறுமி, தூக்கிய காலை வீட்டின்மேல் அன்று, வீட்டைத் தாண்டித் தெருவின்மேல் வைத்து, தள்ளாடி, ஒருமுறை சுழன்று, தண்டவாளத்தில் வண்டி இல்லை என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு அதைத் தாண்டி, பின்னால் ஆடு மாடு எதுவும் நிற்கவில்லை என்பதையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வறண்ட கண்மாயின் நட்டநடுவில் மல்லாந்து விழுந்தது. விழுந்த இடத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொறி எழுந்து, வானளாவிய புகையாக மூண்டது. அடிவாங்கத் தெரிந்தவன் வாங்கிய அடி அது. கடைகளை இழந்துகொண்டிருந்தவர்கள்கூட, தம்மை அறியாமல் கைதட்டிவிட்டார்கள்.

இவற்றுக்குப்பின் முடிவாகத் தெரிந்த செய்திகள் வருமாறு.

சண்முகக்கனி வளர்ந்தாளா என்பது பற்றிக் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நெடுநாள் வழக்கு நடந்தது. கோபுர உயரத்துக்கு வளர்ந்ததைக் கண்ணால் கண்டோம் என்றது கீழத்தெரு. மெகருன்னிசா அவள் ரவிக்கையை வாங்கி, தையல் தையலாகப் பார்த்து, ஒரு நூல்கூட விடவில்லை என்று தீர்ப்புச் சொன்னதோடு, வளரவில்லை என்பது உறுதியாயிற்று.

கண்மாய்க்குள் கிடந்தது வெற்று உடை. ஜிப் உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது. அன்று மதியம், சாதாரண உயரமுள்ள ஒல்லியான வெளிநாட்டுக்காரர் ஒருவர், தோளில் துண்டோடு, ரயில் நிலையத்து டீக்கடையில் வலக்காலைப் பெஞ்சில் நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே மூன்று வடை தின்றார். டீ கொடுத்த பெண்ணுக்குக் குனிந்து வணக்கம் செய்துவிட்டு, மதுரை வண்டியில் ஏறினார். வேறு எவரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

காக்கைக்கூடு சண்முகக்கனி வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின்மேல், முட்டைகளோடு, உடையாமல் இருந்தது. அது அங்கே வந்த வகையை விளக்க எவரும் முன்வரவில்லை.

விழுந்த பள்ளத்தால் கண்மாய் ஆழப்பட்டு, அந்த ஐப்பசியில் முன்னில்லாத அளவு நீர் பிடித்தது. அதற்கும் தவசிமணி பதாகை வைத்தார்.

சந்தை பழைய பொட்டலுக்குத் திரும்பியது. கரும்புச்சாற்றுக்காரர் சண்முகக்கனியோடு பேச்சை நிறுத்தினார், கேபிளை நிறுத்தவில்லை.

வளைகாப்பன்று, முடியில் புகைவாசம் போகாமல் வந்து நின்ற சண்முகக்கனியிடம் தங்கபுஷ்பம் கேட்டது இரண்டே சொல்: “வீடு நிக்கா?” நிற்கிறது என்றதும், தன் கையாலேயே மருமகளின் துணிப்பெட்டியைக் காரில் எடுத்து வைத்தாள்.

பொன்ரேகா வந்திறங்கியது உச்சிவேளையில். மரநிழல், கால்நிழல் எதுவும் இல்லாத அந்தத் தெருவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வீட்டையும் அதற்கு மேலே வெறிச்சென்று கிடந்த வானத்தையும் பார்த்தாள்.

“என்னம்மா இது, இந்தக் கொளுத்துக் கொளுத்துது! ஒரு பந்தலாவது போடக் கூடாதா?”

“வந்ததும் சண்டையா? உள்ள வா” என்றாள் சண்முகக்கனி.